கரப்பானுக்கும் சுண்டெலிக்கும் என்ன சம்பந்தம்?

தேவகோட்டை வாசகர் ஒருவர், 6 ஜனவரி 2025

என் மகனுக்கு நாலு வயது. முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கரப்பான். ராத்திரி முழுக்கச் சொறிந்து விரிப்பெல்லாம் ரத்தக் கோடு. காரணம் என்ன என்று தேடினால், எதை எடுத்தாலும் எலி ஆராய்ச்சி. எலிக்கு உடம்பெல்லாம் மயிர். நம்மைப் போல வேர்க்காது. கத்தரிக்காயும் கருவாடும் தின்னாது. அதற்குக் கரப்பான் வருமா? வராத நோய்க்கு அதனிடம் போய்க் காரணம் கேட்பது காசைக் கரைக்கிற வேலை என்கிறேன். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

6 ஜனவரி, இரவு 10.15

பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். உங்கள் மகனுக்கு வந்திருப்பது சுண்டெலிக்குத் தானாக வருவது அபூர்வம். நாங்கள் வரவழைப்போம். காரைக்குடிக்குத் திரும்பி வருவதற்கு முன் ஆறு வருடம் வெளியூர் ஆய்வகம் ஒன்றில் விலங்குக் கூடத்தைப் பார்த்துக்கொண்டேன். வரவழைப்பதற்குத்தான் சம்பளம்.

எலியை மயக்கி முதுகில் பெரிய தபால்தலை அளவுக்கு மயிரை மழிப்போம். அந்த இடத்தில் சாதாரண செல்லோடேப்பை ஒட்டி உரிப்போம். ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் டேப்பில் கோலமாவு மாதிரி மெல்லிய பொடி ஒட்டி வரும். தோலின் மேலடுக்கு அது. கடைசியில் அந்த இடம் ஈரம் பட்டது போலப் பளபளக்க வேண்டும், ரத்தம் மட்டும் வரக்கூடாது. வந்தால் அந்த எலியைக் கணக்கில் சேர்க்க மாட்டோம். அதன் மேல் முட்டை வெள்ளைக்கருப் புரதத்தில் நனைத்த துணித்துண்டை வைத்து ஒரு வாரம் கட்டு. இரண்டு வாரம் ஓய்வு. மறுபடி கட்டு. மொத்தம் மூன்று சுற்று, ஏழு வாரம். முடிவில் தோல் தடித்துச் செதிலாகும், ரத்தத்தில் ஐஜிஇ என்ற ஒவ்வாமை எதிர்ப்பொருள் ஏறும். 1998-ல் பாஸ்டனில் ஒரு குழு வெளியிட்ட முறை, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதில் என்ன தெரிந்தது என்றால், ஒவ்வாமை தொடங்க அந்தப் பொருளைத் தின்ன வேண்டியதில்லை, உரிந்த தோலில் பட்டாலே போதும். அதே எலிக்கு அப்புறம் அந்தப் புரதத்தை மூச்சில் கொடுத்தால் மூச்சுக்குழாயும் இறுகியது. கரப்பான் வந்த குழந்தைகளில் சிலருக்குப் பின்னால் இழுப்பு வருகிறதே, அதற்கு ஒரு பாதை இருக்க முடியும் என்று காட்டியது இந்த எலிதான். பாதை இருக்க முடியும் என்பது வரைதான். உங்கள் மகன் அந்தப் பாதையில்தான் போகிறான் என்று அது சொல்லவில்லை.

7 ஜனவரி

ஒன்றை விட்டுவிட்டேன். எலி கருவாடு தின்னாது என்று யார் சொன்னது? எங்கள் வீட்டு இரண்டாம் கட்டுச் சாமான் அறைக்கு ஒரு ராத்திரி வந்து பாருங்கள்.

9 ஜனவரி

தானாகக் கரப்பான் வருகிற எலியே கிடையாதா என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். உண்டு. ஜப்பானில் வீடுகளில் ஆசைக்கு வளர்த்த எலிகளிலிருந்து 1957-ல் நகோயாவில் பிரித்தெடுத்த என்சி/நாகா என்ற வகை. நாற்பது வருடம் கழித்து, 1997-ல், இதற்கு வருவது மனிதக் கரப்பானைப் போலவே இருக்கிறது என்று எழுதினார்கள். சாதாரண அறையில் வளர்த்தால் ஆறு, எட்டு வாரத்தில் முகம், காது, கழுத்து என்று சொறியத் தொடங்கும். ஐஜிஇ ஏறும்.

விசித்திரம் என்னவென்றால், அதே எலியைக் கிருமி நீக்கிய கூடத்தில் வளர்த்தால் ஒன்றும் வராது. மரபணு அதே, தீவனமும் கிட்டத்தட்ட அதே. மாறுவது அறை மட்டும். மயிரில் ஒட்டி வாழும் உண்ணி போன்ற நுண்பூச்சிகளுக்கு இதில் பெரிய பங்கு இருப்பதாகப் பிறகு தெரிந்தது.

எங்கள் கூடமும் கிருமி நீக்கியதுதான். இரண்டு கதவு, வடிகட்டிய காற்று, நீராவியில் வேகவைத்த தீவனம். அப்படி வளரும் எலியின் நோய் எதிர்ப்பு மண்டலம் பிறந்த குழந்தையுடையது மாதிரி இருக்கிறது, வளர்ப்புப் பிராணிக் கடையில் வாங்கிய எலியுடையதுதான் வளர்ந்த மனிதனுடையதை ஒத்திருக்கிறது என்று 2016-ல் ஓர் அமெரிக்கக் குழு காட்டியது. படித்த அன்று எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆறு வருடம் செருப்புக்கு உறை மாட்டிக்கொண்டு உள்ளே போனவன் நான்.

அப்புறம் இன்னொரு குழப்பம். 1989-ல் ஸ்டிராகன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், அண்ணன் அக்காள் நிறைய உள்ள வீட்டில் கடைசியில் பிறந்த பிள்ளைகளுக்கு ஒவ்வாமை குறைவு, சிறு வயதில் தொற்று ஒட்டுவது நல்லதோ என்று எழுதினார். ஜப்பான் எலியைப் பார்த்தால் தலைகீழ். யார் சொல்வது சரி? அழுக்கு என்று ஒரே சொல்லில் நாம் கட்டிவைத்திருக்கும் மூட்டைக்குள் மாட்டுச் சாணமும் இருக்கிறது, தோலைக் கடிக்கிற பூச்சியும் இருக்கிறது. இரண்டும் ஒரே வேலையைச் செய்ய வேண்டும் என்று என்ன கட்டாயம்.

11 ஜனவரி

தோல் ஏன் முதலில் ஓட்டையாகிறது என்ற கேள்விக்கு: 2006-ல் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இருந்த குழுக்கள் ஃபிலாக்ரின் என்ற புரதத்தைப் பிடித்தன. மேல்தோலைச் செங்கல் சுவர் என்றால், செங்கல்லை இறுக்கி ஈரத்தைப் பிடித்துவைப்பது இது. இதன் மரபணு பழுதானவர்களுக்குக் கரப்பான் வரும் வாய்ப்பு பல மடங்கு. இதற்கு எலிச் சாட்சியும் உண்டு. குட்டியில் வால் செதில் செதிலாக இருக்கும் ஒரு வகை எலிக்கும் இதே மரபணுவில் பழுது என்று 2009-ல் கண்டார்கள். அதற்கும் தோல் அழற்சி வருகிறது. சுவரில் ஓட்டை, உள்ளே அலர்ஜி. கணக்கு நேர்.

12 ஜனவரி

“கரப்பான் என்றால் பூச்சியா நோயா, தெளிவாக எழுதவும்” என்று ஒரு பின்னூட்டம். நோய். பூச்சியின் தூசு பட்டாலும் சிலருக்கு ஒவ்வாமை வரும் என்பதால் இரண்டும் சேர்ந்தே கூட வரலாம். பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கிறோம், மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

17 ஜனவரி

பொங்கலுக்கு அக்காள் மகள் வந்திருந்தாள். புதுக் கவரிங் சங்கிலி. மூன்றாம் நாள் கழுத்தைச் சுற்றிக் கோடு போட்ட மாதிரி சிவப்பு, நடுவில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளம். தொப்புளுக்குக் கீழே, ஜீன்ஸ் பொத்தான் படும் இடத்திலும் ஒரு வட்டம். “வேர்வை ஆகலம்மா, வேர்க்குரு” என்றாள் அக்காள். நிக்கல் என்றேன். முலாம் வேலையில் தங்கப்பூச்சுக்கு அடியில் நிக்கல் பூச்சு கொடுப்பது வழக்கம். மேல்பூச்சு தேய்ந்ததும் வேர்வையில் அது கரைந்து வரும். 1953 முதல் மின்வேதியியலுக்கென்றே மத்திய ஆய்வகம் ஒன்று இருக்கிற ஊர் இது. முலாம் பற்றிப் பேச ஆளா இல்லை.

உங்கள் கட்சிக்கு இதைவிட வலுவான சாட்சி கிடைக்காது என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். தொட்டால் வரும் ஒவ்வாமையில் உலகம் முழுக்க முதல் வரிசையில் நிற்பது நிக்கல். எலியிடம் கேட்டால் நிக்கலா, எனக்கொன்றும் செய்யவில்லையே என்கிறது. எலியின் நிணநீர்க் கணுவை வைத்து ரசாயனங்களைச் சோதிக்கும் அங்கீகரிக்கப்பட்ட முறையில்கூட நிக்கல் தப்பித்துக்கொண்டது.

ஏன் என்று 2010-ல் ஜெர்மன் குழு ஒன்று கண்டுபிடித்தது. நம் செல்களில் டிஎல்ஆர்4 என்று ஒரு காவல்காரன். பாக்டீரியா வந்தால் மணியடிப்பது அவன் வேலை. மனித டிஎல்ஆர்4-ல் 456, 458 என்ற இரண்டு இடங்களில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. நிக்கல் அதைப் பிடித்துக்கொண்டு மணியை அடித்துவிடுகிறது. எலியின் டிஎல்ஆர்4-ல் அந்த இரண்டு இடத்திலும் ஹிஸ்டிடின் இல்லை. பிடிமானம் கிடையாது. மனித டிஎல்ஆர்4-ஐ எலிக்குள் வைத்தார்கள், எலிக்கும் நிக்கல் ஒவ்வாமை வந்தது.

எலிக்கு வராமல் இருந்ததால்தான் மனிதனுக்கு ஏன் வருகிறது என்பது பிடிபட்டது. எலிக்கும் வந்திருந்தால் யாருக்கும் அந்தக் கேள்வியே தோன்றியிருக்காது.

18 ஜனவரி

நேற்று எழுதியதில் கொஞ்சம் ஆர்வக்கோளாறு. எலிக்கு நிக்கல் ஒவ்வாமை வரவே வராது என்பது சரியில்லை. நிக்கலோடு பாக்டீரியாவின் மேலுறைப் பொருளையும் சேர்த்துக் கொடுத்தால் வரும் என்று 2010-க்கு முன்பே தெரியும். அந்தப் பொருள் எலியின் காவல்காரனைத் தனியாக எழுப்பிவிடுகிறது. யோசித்தால் இரண்டும் ஒரே கதை.

24 ஜனவரி

சித்தப்பா மகன் ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் போடும் கொட்டகை வைத்திருக்கிறான். கணக்குப் பார்க்க வாரம் இரண்டு நாள் போவேன். அங்கே முப்பது வருடமாக வேலை பார்க்கும் ஓர் அண்ணன். கண்ணாடியைத் துடைத்து இரும்புச் சட்டத்துக்குள் வைத்து, பூ அச்சை அதன் மேல் நிறுத்தி, கரண்டியால் வண்ணச் சிமெண்டு பாலை ஒவ்வொரு அறையிலும் ஊற்றி, அச்சை நடுங்காமல் தூக்குவார். அப்புறம் உலர்ந்த சிமெண்டு மணலைத் தூவி, மேலே ஈரக் கலவையை அமுக்கி நிரப்பி மட்டம் பார்ப்பார். எல்லாம் வெறும் கை. கையுறை போட்டால் அச்சு கைக்குத் தெரியாது என்பார்.

அவர் விரல் இடுக்குகளில் வெடிப்பு, புறங்கையில் தடித்த தோல், மணிக்கட்டு வரை அரிப்பு. சிமெண்டில் ஆறு இணைதிறன் குரோமியம் சிறிதளவு உண்டு. கொத்தனார் கைக்கு வரும் ஒவ்வாமையில் பழைய குற்றவாளி அதுதான். அந்தக் குரோமியம் தோலுக்குள் எளிதாக நுழைந்து, உள்ளே மூன்று இணைதிறனாக மாறி, நம் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு அந்தக் கூட்டைப் பகையாளி என்று குறித்துக்கொள்ளும். சிமெண்டோடு இரும்பு சல்பேட் கலந்தால் இது அடங்கும். ஐரோப்பாவில் 2005 முதல் பத்து லட்சத்துக்கு இரண்டு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது.

இந்த ஒட்டிக்கொள்ளும் கதையை முதலில் சொன்னது எலியும் இல்லை, கினிப்பன்றி. ரத்த வகைகளைக் கண்டுபிடித்த அதே லாண்ட்ஸ்டைனர், 1935-ல் எளிய ரசாயனங்களைத் தடவி கினிப்பன்றிக்கு ஒவ்வாமை வரவைத்தார். 1942-ல் அவரும் அவரோடு வேலை பார்த்த சேஸ் என்பவரும் அந்தக் கினிப்பன்றியின் செல்களை இன்னொன்றுக்கு ஏற்றினார்கள். ஒவ்வாமையும் கூடவே போனது. ரத்தத் தெளிநீரை ஏற்றினால் போகவில்லை. இந்த வகை ஒவ்வாமையைச் சுமப்பது செல் என்று அன்றைக்குத் தெரிந்தது.

கொட்டகையில் உட்கார்ந்து அண்ணன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தோன்றியது: ஈரச் சிமெண்டின் காரம்தான் இங்கே செல்லோடேப். முதலில் அது தோலை உரிக்கிறது, அப்புறம் குரோமியம் நுழைகிறது. நான் எலி முதுகில் ஏழு வாரத்தில் செய்ததை இவர் கையில் தொழில் முப்பது வருடமாகச் செய்கிறது. அவருக்கு நல்ல ரப்பர் கையுறை நான்கு ஜோடி வாங்கிக் கொடுத்தேன். முணுமுணுத்துக்கொண்டே போட்டுக்கொண்டார்.

2 பிப்ரவரி

தைப்பூசத்துக்கு பழனிக்கு நடை. திரும்பி வந்துதான் பதில்.

15 பிப்ரவரி

வந்தாயிற்று. காலில் ஐந்து கொப்புளம், எல்லாம் உராய்வு, எதுவும் ஒவ்வாமை இல்லை, யாரும் விசாரிக்க வேண்டாம்.

வழியில் கூட நடந்த ஒருவர் வீட்டு லாப்ரடார் பற்றிப் புலம்பிக்கொண்டே வந்தார். பாதத்தை நக்கி நக்கி மயிர் துருவேறிய நிறமாகிவிட்டதாம். அக்குளிலும் அடிவயிற்றிலும் சிவப்பு, காதில் நாற்றம். கேட்கக் கேட்க எனக்கு உங்கள் கேள்வி ஞாபகம் வந்தது. தானாக, ஊசி, டேப் எதுவும் இல்லாமல், மனிதனுக்கு வருவது போலவே கரப்பான் வரும் பிராணி நாய்தான். நம் வீட்டிலேயே படுக்கிறது, நம் மெத்தைத் தூசியையே மோந்து பார்க்கிறது. லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், வெஸ்ட்டி வகைகளுக்கு அதிகம்.

2004-ல் இன்டர்லூக்கின்-31 என்ற பொருளை அதிகமாகச் சுரக்கும்படி செய்த எலிகள் சொறிந்து சொறிந்து தோலைப் புண்ணாக்கிக்கொண்டன. நாய்க்கும் அதே பொருளைச் செலுத்தியபோது அரித்தது. அதை மறிக்கும் ஊசி நாய்க்கு 2017-க்குள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வந்துவிட்டது. மனிதக் கரப்பானுக்கு அதே வழியை மறிக்கும் நெமோலிசுமாப் ஜப்பானில் 2022-ல், அமெரிக்காவில் 2024 டிசம்பரில். மாத்திரையிலும் அப்படியே. ஜாக் என்ற நொதியைத் தடுக்கும் மாத்திரை நாய் அரிப்புக்கு 2013-லேயே அனுமதி பெற்றது, மனிதக் கரப்பானுக்கு அதே இனத்து மாத்திரை 2020-ல்தான். நாய்க்குக் கிடைத்த பிறகுதான் நமக்கு.

18 பிப்ரவரி

11 ஜனவரி குறிப்பைத் திருத்த வேண்டும். வால் செதில் எலி. கணக்கு நேர் என்று எழுதினேன், நேர் இல்லை. அந்த எலியில் இரண்டு மரபணுப் பழுது ஒன்றாகவே வந்துகொண்டிருந்திருக்கின்றன. 2013-ல் பிரித்துப் பார்த்தார்கள். தோல் அழற்சிக்கும் கலைந்த மயிருக்கும் முக்கியக் காரணம் ஃபிலாக்ரின் இல்லை, கூட இருந்த டிமெம்79 என்ற மரபணு. நாலு வருடம் ஒருவன் செய்த களவுக்குப் பக்கத்தில் நின்றவன் பெயரை எழுதிவைத்திருந்தார்கள். மனிதனில் ஃபிலாக்ரின் கணக்கு அப்படியே நிற்கிறது, அது மனிதர்களை வைத்தே பார்த்தது. உங்கள் கட்சிக்கு இன்னொரு மதிப்பெண்.

22 பிப்ரவரி

கரப்பான் பண்டம் பற்றி நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். எனக்கும் சின்ன வயதில் இருந்தது. அப்பத்தா கத்தரிக்காயைக் கண்ணில் காட்ட மாட்டார். கருவாடு, சோளம், கம்பு எல்லாம் தடை. வீட்டுக்குள் எல்லாரும் கருவாட்டுக் குழம்பு சாப்பிட, நான் வளவில் தூணைப் பிடித்துக்கொண்டு ரசம் சோறு. சரியாகிவிட்டதா? ஒன்பது வயதில் சரியாயிற்று. தடையாலா, வயதாலா? பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளரக் குறையும் என்பதால் அப்பத்தா பெயரில் முழுக்க வரவு வைக்க முடியவில்லை.

இதற்கும் கினிப்பன்றியிடம் ஒரு சேதி உண்டு. மேலே சொன்ன அதே சேஸ், 1946-ல் ஒரு ரசாயனத்தை முதலில் தின்னக் கொடுத்தார். பிறகு அதையே தோலில் தடவினால் ஒவ்வாமை வரவில்லை. தின்றால் உடம்பு பழகிக்கொள்கிறது, தோல் வழி வந்தால் பகைத்துக்கொள்கிறது. 2015-ல் லண்டன் குழு ஒன்று, கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகளில் பாதிப் பேருக்குச் சின்ன வயதிலேயே நிலக்கடலை கொடுத்தும், பாதிப் பேருக்கு ஐந்து வயது வரை விலக்கியும் பார்த்தது. கொடுத்தவர்களுக்குத்தான் கடலை ஒவ்வாமை மிகக் குறைவு. (ஏற்கெனவே ஒவ்வாமை வந்துவிட்ட பிள்ளைக்கு இதை வீட்டில் முயற்சி செய்யக் கூடாது, டாக்டரைக் கேட்க வேண்டும்.)

எனக்கு உறுத்துவது வேறு. அப்பத்தா வாயைக் கட்டிவிட்டு, வெடித்திருந்த தோலில் வாரா வாரம் கடலை மாவைத் தேய்த்துக் குளிப்பாட்டினார். என் எலிகளுக்கு நான் கட்டிய துணித்துண்டு ஞாபகத்துக்கு வருகிறது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என் மகனுக்குத் தேய்க்க விடவில்லை, அம்மாவுக்கு இன்னும் வருத்தம்.

27 பிப்ரவரி

தோற்ற கதையும் ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் எலிக்கு வக்கீல் மாதிரி ஆகிவிடும். கால்சிபோட்ரியால் என்று ஒரு களிம்பு. மனிதனுக்குச் சொரியாசிஸை அடக்க எழுதுவார்கள். அதை எலிக் காதில் தடவினால் கரப்பான் மாதிரி வீங்கிச் சிவக்கிறது, டிஎஸ்எல்பி என்ற பொருள் தோலிலிருந்து பொங்குவதால். இது 2006-ல் தெரிந்தது. அப்படியானால் டிஎஸ்எல்பியை மறித்தால் மனிதக் கரப்பான் அடங்க வேண்டுமே? மறிக்கும் மருந்து ஆஸ்துமாவுக்கு 2021-ல் அனுமதி வாங்கியது. கரப்பானில் சோதித்தபோது எதிர்பார்த்த பலன் நிரூபணமாகவில்லை. எலிக் காது சொன்னது எலிக் காதுக்கு உண்மை.

நான் ஏன் அந்த வேலையை விட்டேன் என்று ஒருவர் கேட்டிருந்தார். எலி ஒவ்வாமை. கேலி இல்லை. எலியின் மூத்திரத்தில் உள்ள புரதம் காற்றில் கலந்து, கூடத்தில் வேலை பார்க்கிறவர்களில் கொஞ்சம் பேரைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தும்மல், அப்புறம் கையில் தடிப்பு, நாலாம் வருடம் இழுப்பு. எலிக்கு ஒவ்வாமை வரவழைக்கப் போனேன், அது எனக்கு வரவழைத்து அனுப்பியது. சாமான் அறைக்கு இன்றைக்கும் மூக்கைக் கட்டிக்கொண்டுதான் போகிறேன்.

8 மார்ச்

கொட்டகை அண்ணன் கை குறையவில்லை. கையுறை போட்டும் ஒரு மாதத்தில் மணிக்கட்டுக்கு மேல் ஏறிவிட்டது. சிமெண்டு உள்ளே போயிருக்கும் என்று நினைத்து, நீளமான ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்தேன். இன்னும் மேலே ஏறியது. மதுரைக்குக் கூட்டிப்போய் முதுகில் ஒட்டுச் சோதனை செய்தோம். சின்னச் சின்ன வட்டில்களில் ஒவ்வொரு பொருளாக வைத்து இரண்டு நாள் ஒட்டு, பிரித்துப் பார்த்து, நாலாம் நாள் மறுபடி பார்ப்பது. வேர்க்காமல், குளிக்காமல் இருக்கச் சொல்லி, அவர் மாசியில் இப்படி ஒரு தண்டனையா என்றார்.

குரோமியம் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. நல்ல தோல். இரண்டு வரிசை தள்ளி தையூரம் என்ற கலவை வைத்த இடத்தில் ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்து தடித்திருந்தது. ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் பொருள் அது. கையுறையில் இருப்பது. பழைய வெடிப்பு சிமெண்டின் காரத்தால் வந்தது, மேலே ஏறியது நான் வாங்கிக் கொடுத்ததால் என்றார் டாக்டர்.

24 ஜனவரி குறிப்பில் குரோமியம் பற்றி எழுதியதை அழிக்கவில்லை, பொதுவாக அது சரி. இந்தக் கைக்குச் சரியில்லை, அவ்வளவுதான். பேருந்தில் வரும்போது அண்ணன் கேட்டார்: “ஏன் தம்பி, எலிக்கு ஒட்டிப் பார்த்த மாதிரி எனக்கு முதல்லயே ஒட்டிப் பார்த்திருக்கலாம்ல?” இப்போது உள்ளே பருத்தி, வெளியே பிவிசி. அச்சு கைக்குத் தெரியவில்லை என்று தினமும் ஒரு கல்லையாவது கெடுக்கிறார், சித்தப்பா மகன் அதை என் கணக்கில் எழுதுகிறான்.